ஜான் கோல்ட்ரேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் பற்றிப் பேச்சு வந்தால் கொஞ்ச நேரத்திலேயே ஜான் கோல்ட்ரேன் பெயரும் வந்துவிடும். அவரைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஜாஸ் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கச்சேரியோ சினிமாப் பாட்டோ கேட்டுப் பழகிய காது போதும்.

யார் இந்த ஜான் கோல்ட்ரேன்?

அமெரிக்கக் கறுப்பின ஸாக்ஸபோன் கலைஞர், இசையமைப்பாளர். 1926 செப்டம்பர் 23 அன்று பிறந்தார். 1967 ஜூலை 17 அன்று, 40 வயதில் இறந்தார். தன் பெயரில் முதல் இசைத்தட்டை அவர் பதிவு செய்தது 1957-ல்தான். ஆக, நாம் இன்று கொண்டாடும் கோல்ட்ரேனின் வாழ்வு மொத்தமே பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் குறைந்தது மூன்று முறை தன் இசையை அடியோடு மாற்றிக்கொண்டார்.

வேகமாக வாசித்தவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள், பின்பும் வந்தார்கள். கைதட்டல் கிடைத்த இடத்திலேயே தங்கிவிட அவருக்கு மனம் வரவில்லை. என்னை அவரிடம் இழுப்பது அதுதான். ஒரு பாணி கைவந்து, ரசிகர்களும் அதற்குப் பழகிவரும்போது அவர் அடுத்த பாணிக்குப் போயிருப்பார். கீழே உள்ள பதில்களில் பாதி இந்தக் கதையைத்தான் வேறு வேறு இடங்களிலிருந்து சொல்கின்றன.

எங்கே வளர்ந்தார்? இசை எப்படி வந்தது?

வட கரோலினா மாநிலத்தின் ஹாம்லெட் என்ற சிற்றூரில் பிறந்து, அதே மாநிலத்தின் ஹை பாயின்ட் நகரில் வளர்ந்தார். கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, பேருந்தில் தனி இருக்கை என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலம். அப்பா தையல்காரர், ஓய்வு நேரத்தில் வயலின் வாசிப்பவர். அம்மாவின் தந்தை வில்லியம் பிளேர் தேவாலயப் போதகர், ஊரில் மதிப்புள்ள மனிதர். குடும்பம் அவர் வீட்டில்தான் இருந்தது. பிரசங்கமும் தேவாலயப் பாட்டும் பையனின் காதில் அங்கிருந்தே ஏறின.

அவருக்கு 12 வயது நடந்தபோது அப்பா, தாத்தா, பாட்டி மூவரும் சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். பிழைப்புக்காக அம்மா வடக்கே வீட்டு வேலைக்குப் போனார். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் ஊர் பேண்டில் கிளாரினெட் கற்க ஆரம்பித்தார் கோல்ட்ரேன், பிறகு ஸாக்ஸபோனுக்கு மாறினார். துக்கம்தான் அவரைக் கருவியோடு கட்டிப்போட்டது என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கூடப் படித்தவர்கள் நினைவில் நின்றதும் எந்நேரமும் வாசித்துக்கொண்டிருந்த பையன்தான்.

1943-ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1945-ல் கடற்படையில் சேர்ந்து ஹவாயில் பணியாற்றி, அங்கிருந்த பேண்டிலும் வாசித்தார். அதற்குச் சற்று முன்னால், 1945 ஜூனில், ஆல்டோ ஸாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரை முதன்முறையாக நேரில் கேட்டிருந்தார். அந்தத் தலைமுறை ஸாக்ஸபோன்காரர்கள் எல்லோரையும் போல அவரும் பார்க்கரிடம் விழுந்தார்.

ஸாக்ஸபோன் என்றால் எனக்கு கத்ரி கோபால்நாத்தான் தெரியும். அதே கருவிதானா?

குடும்பம் ஒன்று, அளவு வேறு. கத்ரி வாசித்தது ஆல்டோ. கோல்ட்ரேனும் ஆல்டோவில்தான் தொடங்கினார், நாற்பதுகளின் கடைசியில் டெனாருக்கு வந்தார். டெனார் உருவத்தில் பெரியது, குரலும் கனமானது. 1960 வாக்கில் சொப்ரானோவையும் எடுத்துக்கொண்டார். அது நேராக, சிறியதாக, உச்ச ஸ்தாயியில் பேசும். அவருடைய சொப்ரானோவை முதன்முதலாகக் கேட்கும் நம்மூர்க்காரர்கள் பலருக்கு நாதஸ்வரம் நினைவுக்கு வரும்.

1957-ம் ஆண்டை ஏன் எல்லோரும் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

அதற்கு முந்தைய ஆண்டுகளைச் சொன்னால்தான் புரியும். டிஸ்ஸி கில்லெஸ்பி, ஏர்ல் பாஸ்டிக், ஜானி ஹாட்ஜஸ் என்று பெரிய தலைகளின் குழுக்களில் வாசித்துவந்த கோல்ட்ரேன் ஹெராயினுக்கும் குடிக்கும் அடிமையாகியிருந்தார். 1955-ல் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தன் ஐவர் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஜாஸ் உலகில் ஓர் இளைஞனுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு கிடையாது. ஆனால் மேடையிலேயே கண் சொக்கி நிற்கும் நிலைமை. 1957 வசந்தத்தில் மைல்ஸ் அவரை நீக்கிவிட்டார்.

கோல்ட்ரேன் பிலடெல்பியாவில் தன் வீட்டுக்குத் திரும்பி, மருத்துவமனைக்கும் போகாமல், குடியையும் ஹெராயினையும் ஒரே மூச்சில் விட்டார். அம்மாவும் முதல் மனைவி நைமாவும் கூட இருந்தார்கள். அந்த ஆண்டில் கடவுள் அருளால் தனக்கு ஓர் ஆன்மிக விழிப்பு நேர்ந்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். இசையால் மற்றவர்களை மகிழ்விக்கும் வழியையும் வரத்தையும் தனக்குத் தரும்படி அன்று வேண்டிக்கொண்டாராம்.

அதே கோடையில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் பியானோ மேதை தெலோனியஸ் மங்க் குழுவில் சேர்ந்தார். ஒரு பாடலைப் பிரித்துப் பிரித்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசானாக அவருக்கு மங்க் அமைந்தார். பாதிக் கச்சேரியில் மங்க் பியானோவை விட்டு எழுந்து போய்விடுவார். அப்போது பாஸ் என்ற பெரிய தந்திக் கருவி, டிரம்ஸ் துணையோடு மட்டும் நீண்ட நேரம் வாசித்தாக வேண்டும். சாய்ந்துகொள்ள கார்ட் (ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) இல்லாமல் நிற்கப் பழகியது அங்கேதான். செப்டம்பரில் ‘ப்ளூ ட்ரெயின்’ இசைத்தட்டு பதிவானது. 1958 தொடக்கத்தில் மைல்ஸ் மறுபடி அழைத்துக்கொண்டார். திரும்பிப் போனது வேறு ஆள்.

‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ வாசிப்பது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம்தான். இன்றுவரை ஜாஸ் படிக்கும் மாணவர்களுக்கு அது ஒரு பரீட்சை.

ஜாஸ் கலைஞர் ஒரு பாட்டின் கார்ட் வரிசையை வைத்துக்கொண்டு அதன் மேல் மனோதர்மமாக வாசிப்பார். சாதாரணப் பாட்டில் ஒரே ஆதார ஸ்ருதியைச் சுற்றியே கார்ட்கள் போய்வரும். ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பாட்டில் 16 பார்களுக்குள் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) 26 கார்ட்கள். அவை பி, ஜி, ஈ ஃபிளாட் என்று ஒன்றுக்கொன்று வெகு தூரத்திலிருக்கும் மூன்று ஆதாரங்களுக்கு மாறி மாறித் தாவுகின்றன. அதுவும் ஒரு விநாடிக்கு இரண்டு கார்ட் கடந்துபோகிற வேகத்தில். ஒரு ராகத்தின் சஞ்சாரம் கைக்கு வருவதற்குள் ஆதார ஷட்ஜமே இடம் மாறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1959 மே மாதத்தில் பதிவானபோது பியானோவில் இருந்தவர் டாமி ஃபிளானகன், தேர்ந்த கலைஞர். தன் முறை வந்ததும் அவர் தடுமாறி, கடைசியில் வெறும் கார்ட்களை மட்டும் வாசித்து முடிக்கிறார். அந்தத் தடுமாற்றம் இசைத்தட்டிலேயே இருக்கிறது. கோல்ட்ரேன் இந்த நகர்வுகளை மாதக்கணக்கில் வீட்டில் சாதகம் செய்துவிட்டு வந்திருந்தார். ஃபிளானகனுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

இதற்கு முந்தைய ஆண்டுதான், 1958-ல், விமர்சகர் ஐரா கிட்லர் கோல்ட்ரேன் வாசிப்பை ‘ஒலித் தகடுகள்’ என்று வர்ணித்திருந்தார். தனித்தனி ஸ்வரங்களாகக் கேட்காமல் மொத்தமாக ஒரு பரப்பாக வந்து விழும் வேகம் அது.

அப்படியென்றால் அவர் வெறும் வேகக்காரரா?

அப்படி நினைப்பவர்கள் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ இசைத்தட்டிலேயே இருக்கும் ‘நைமா’வைக் கேட்க வேண்டும். மனைவியின் பெயரில் எழுதியது. அடியில் பாஸ் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்க, மேலே மிக மெதுவாக ஒரு மெட்டு. கோல்ட்ரேன் அதில் தனியாக மனோதர்மம்கூட வாசிக்கவில்லை. மெட்டைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். கடைசிவரை மேடையில் அவர் விடாமல் வாசித்த பாடல்களில் ஒன்று.

1961-62-ல் பதிவான ‘பாலட்ஸ்’, 1963-ல் பாடகர் ஜானி ஹார்ட்மனோடு செய்த இசைத்தட்டு, இரண்டும் அமைதியான காதல் பாடல்கள். இந்த இரண்டையும் சிலர் வியாபாரத்துக்காகச் செய்தவை என்று ஒதுக்குவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மெட்டை இவ்வளவு மரியாதையாக, ஒரு ஸ்வரம் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவர் என்பதால்தான் பின்னால் அவர் கத்தும்போதும் நாம் நம்புகிறோம்.

‘மை ஃபேவரிட் திங்ஸ்’ ஒரு நாடகப் பாட்டுதானே?

ஆமாம். 1959-ல் பிராட்வே மேடையேறிய ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்துக்காக ராட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் எழுதியது. 1960 அக்டோபரில் கோல்ட்ரேன் அதைச் சொப்ரானோவில் பதிவு செய்தார். கிட்டத்தட்ட 14 நிமிடம். குழந்தைகள் பாடும் எளிய மெட்டு. அதன் கார்ட்களில் பெரும்பாலானவற்றை அகற்றிவிட்டு, பியானோ இரண்டே இரண்டு கார்ட்களைச் சுழற்றிக்கொண்டே இருக்க, அதன் மேல் தன் போக்கில் நீளமாக வாசிக்கிறார்.

இது ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பாதைக்கு நேர் எதிர்ப் பாதை. அங்கே கார்ட்கள் மழையாகப் பொழிந்தன, இங்கே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 1959-ல் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டில் வாசித்தபோதே இந்த வழியை அவர் பார்த்துவிட்டார். அதில் ஒரு ஸ்கேலை, அதாவது ஒரு ஸ்வர வரிசையைக் கொடுத்து, இதற்குள் உலாவு என்று விட்டிருந்தார் மைல்ஸ். ராகம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகவே தோன்றாது. கார்ட் மாற்றங்களிலேயே ஊறிய அமெரிக்க ஜாஸுக்கு அது பெரிய விடுதலை.

பாட்டு வானொலியில் பரவி, கோல்ட்ரேனைப் பொதுமக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் பதிவில் இருந்தபடி அவர் அதைத் திருப்பி வாசிக்கவே இல்லை. 1966-ல் டோக்கியோவில் இதே பாட்டு 57 நிமிடம் போனது. மெட்டு எங்கோ ஓரத்தில் தலைகாட்டிவிட்டு மறையும்.

அவருடைய நால்வர் குழு பற்றிச் சொல்லுங்கள்.

மெக்காய் டைனர் பியானோ, ஜிம்மி காரிசன் பாஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். 1962 வாக்கில் இந்த வடிவத்துக்கு வந்து, 1965 கடைசிவரை நீடித்தது. ஜாஸ் சரித்திரத்தில் இதற்கு இணையான குழுக்கள் ஒன்றிரண்டு இருக்கலாம், அதற்கு மேல் இல்லை.

கோல்ட்ரேனுக்கும் எல்வினுக்கும் நடுவில் நடந்ததை நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடுவில் நடப்பதோடு ஒப்பிட்டால் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். எல்வின் பின்னணியில் நின்று தாளம் காப்பவர் இல்லை. மூன்று, நான்கு கணக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டு ஸாக்ஸபோனோடு மல்லுக்கட்டுவார். மேடையில் பியானோவும் பாஸும் ஒதுங்கிக்கொள்ள, இவர்கள் இருவர் மட்டும் வெகுநேரம் வாசித்த இரவுகள் உண்டு.

டைனரின் இடது கை கனமான ஒலிகளை அடியில் ஊன்றிவிடும். அந்தத் தரை இருந்ததால்தான் கோல்ட்ரேன் எவ்வளவு தூரம் போனாலும் கேட்பவருக்குத் திசை தெரிந்தது.

இந்திய இசை அவரைப் பாதித்தது என்பது உண்மையா, நாம் பெருமைக்காகச் சொல்லிக்கொள்வதா?

உண்மை. 1961 நவம்பரில் நியூயார்க் வில்லேஜ் வான்கார்ட் விடுதியில் பதிவான ஒரு பாட்டின் பெயரே ‘இந்தியா’. அடியில் பாஸ் தம்புரா போல ஒரே ஸ்ருதியைப் பிடித்திருக்கும். கோல்ட்ரேன் சொப்ரானோவிலும், எரிக் டால்ஃபி பாஸ் கிளாரினெட்டிலும் அதன் மேல் உலாவுவார்கள். ரவிசங்கரின் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்டார், பின்னர் அவரை நேரில் சந்தித்தார், முறையாகப் பாடம் கேட்கவும் எண்ணியிருந்தார். ஆயுள் அதற்கு இடம் தரவில்லை. 1965-ல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். ரவி கோல்ட்ரேனும் இன்று பெயர் பெற்ற ஸாக்ஸபோன் கலைஞர்.

இதில் ஒரு விஷயத்தை மழுப்பக் கூடாது. கோல்ட்ரேனின் இசையில் இருந்த கொந்தளிப்பு தன்னைச் சஞ்சலப்படுத்தியது என்று ரவிசங்கர் பிற்காலப் பேட்டிகளில் சொன்னார். இவ்வளவு ஆன்மிக நாட்டம் உள்ளவரின் வாசிப்பில் ஏன் இத்தனை கூச்சல் என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் பிரிவினைச் சட்டங்களுக்கு நடுவே வளர்ந்த ஒரு கறுப்பினக் கலைஞனின் பிரார்த்தனையில் கூச்சலும் சேர்ந்தேதான் வரும் என்று நான் நினைக்கிறேன்.

கோல்ட்ரேன் இந்தியாவோடு நிற்கவும் இல்லை. ஆப்பிரிக்கத் தாளங்கள், அரபு இசை, ஸ்பெயின் நாட்டுப்பாடல் எல்லாவற்றையும் படித்தார். 1965-ல் பதிவான ‘ஓம்’ இசைத்தட்டில் பகவத் கீதை வரிகளைக் குழுவினர் வாசிப்பது கேட்கும்.

‘அலபாமா’ எதைப் பற்றியது?

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாம் நகரில் 16-வது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை இனவெறிக் கும்பல் வைத்த குண்டு வெடித்தது. நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. இரண்டு மாதம் கழித்து நவம்பர் 18 அன்று கோல்ட்ரேன் ‘அலபாமா’வைப் பதிவு செய்தார்.

ஐந்து நிமிடப் பாட்டு. பியானோ அடியில் அதிர்ந்துகொண்டிருக்க, ஸாக்ஸபோன் பேச்சு நடையில், நிறுத்தி நிறுத்தி, இழவு வீட்டில் ஒரு பெரியவர் பேசுவதைப் போல ஒலிக்கும். நடுவில் தாளம் எழும்பப் பார்க்கும், அடங்கிவிடும். கோல்ட்ரேன் மேடையில் அரசியல் பேசியவர் அல்ல. இந்த ஒரு பாட்டைக் கேட்டால் பேச வேண்டியிருக்கவில்லை என்று தெரியும்.

‘எ லவ் சுப்ரீம்’ ஏன் இவ்வளவு பெரிய படைப்பாகக் கருதப்படுகிறது?

1964 கோடையின் கடைசியில், நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் டிக்ஸ் ஹில்ஸ் என்ற இடத்தில் வாங்கிய புது வீட்டில், கோல்ட்ரேன் மாடி அறையில் சில நாட்கள் தனியாக இருந்தார். இறங்கி வந்தபோது, மலையிலிருந்து மோசே இறங்கி வந்ததைப் போலிருந்தது என்று, பின்னாளில் அவருடைய இரண்டாவது மனைவியான அலிஸ் நினைவுகூர்ந்தார். முதன்முறையாக ஒரு முழுப் படைப்பு ஒரே நேரத்தில் தனக்குக் கிடைத்திருப்பதாகக் கோல்ட்ரேன் அவரிடம் சொன்னாராம்.

டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் நால்வரும் கூடினார்கள். ஒரே மாலையில் பதிவு முடிந்தது. மொத்தம் 33 நிமிடம், நான்கு பகுதிகள். 1965 தொடக்கத்தில் வெளிவந்தது.

முதல் பகுதியில் பாஸ் நான்கே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும். கோல்ட்ரேன் அதை எடுத்து, ஒவ்வொரு ஆதாரத்துக்கும் மாற்றி மாற்றி, மேற்கத்திய இசையின் 12 ஸ்வர நிலைகளிலும் வாசித்துக் காட்டுகிறார். எங்கே போனாலும் அதே நான்கு ஸ்வரம் நிற்கிறது. பிறகு ஸாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டுத் தன் குரலிலேயே ‘எ லவ் சுப்ரீம்’ என்ற சொற்களை ஜபம் போலச் சொல்கிறார். அந்தக் கட்டம் வரும்போது பஜனை கேட்டு வளர்ந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது.

நடுவில் உள்ள இரண்டு பகுதிகள் குழுவின் வலிமையைக் காட்டுபவை. மூன்றாவதில் எல்வினின் தனி வாசிப்பும், முடிவில் காரிசனின் நீண்ட பாஸ் தனியும் வருகின்றன.

நான்காம் பகுதியில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். இசைத்தட்டின் உறையில் கோல்ட்ரேன் எழுதிய நீண்ட துதிப் பாடல் ஒன்று அச்சாகியிருந்தது. கடைசிப் பகுதியில் அவர் வாசிப்பது அந்தத் துதியைத்தான். அசைக்கு அசை, வரிக்கு வரி, ஸாக்ஸபோனால் படிக்கிறார். தாளச் சுழற்சி கிடையாது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்த வரியில் இருக்கிறார் என்று விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். நம் ஊரில் விருத்தம் பாடும்போது சொல்லின் நீளம்தானே சங்கதியின் நீளத்தை முடிவு செய்கிறது? இங்கே சொல் மௌனமாக இருக்கிறது, அதன் நீளம் மட்டும் காதில் விழுகிறது.

மதம் எதையும் அவர் பிரசாரம் செய்யவில்லை. கிறிஸ்தவத்தில் பிறந்து, இஸ்லாம், இந்து மதம், பௌத்தம், யூத மறைஞானமான கபாலா எல்லாம் படித்து, எல்லா மதங்களையும் நம்புவதாகச் சொன்னவர். அதனாலேயே யாரும் அந்த இசைத்தட்டுக்குள் நுழைய முடிகிறது.

இவ்வளவு சாதகம் செய்தவர் என்று சொல்கிறார்களே, எவ்வளவு?

நாள் முழுக்க. கச்சேரிக்கு முன்பும் பின்பும், இடைவேளையில் அறையில் உட்கார்ந்தும் வாசித்துக்கொண்டே இருந்தார் என்று உடன் இருந்த ஒருவர் விடாமல் எல்லோரும் சொல்கிறார்கள். கருவியோடேயே தூங்கிப்போன இரவுகள் உண்டு. பிலடெல்பியாவில் கிரானோஃப் இசைப்பள்ளியில் டென்னிஸ் சாண்டோலிடம் இசைக் கோட்பாடு படித்தார். நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி தொகுத்த ஸ்கேல் அகராதியையும், ஹார்ப் (யாழ் போன்ற தந்திக் கருவி), பியானோ பயிற்சி நூல்களையும் ஸாக்ஸபோனில் வாசித்துப் பழகினார். ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ நகர்வுகளின் விதைகள் அந்த ஸ்லோனிம்ஸ்கி புத்தகத்திலும் காணக் கிடைக்கின்றன.

ஏன் இவ்வளவு நேரம் வாசிக்கிறாய் என்று மைல்ஸ் கேட்டதாகவும், எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை என்று இவர் சொன்னதாகவும், கருவியை வாயிலிருந்து எடு என்று மைல்ஸ் பதில் சொன்னதாகவும் ஒரு கதை ஜாஸ் வட்டத்தில் ரொம்பப் பிரபலம்.

கடைசி இரண்டு ஆண்டு இசை வெறும் இரைச்சலாகக் கேட்கிறது. தவறு என் மேலா?

தவறு யார் மேலும் இல்லை. அன்றைய ரசிகர்களே எழுந்து போனார்கள். அதற்கு முன்பே, 1961 நவம்பரில், ‘டவுன் பீட்’ பத்திரிகையில் ஜான் டைனன் என்ற விமர்சகர் கோல்ட்ரேனும் டால்ஃபியும் வாசிப்பது ‘ஜாஸ் விரோதம்’ என்று எழுதிவிட்டார். அடுத்த ஆண்டு அதே பத்திரிகையில் இருவரும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். கோபமே இல்லாத பதில்.

1965 ஜூனில் தன்னையும் சேர்த்து 11 பேரோடு ‘அசென்ஷன்’ பதிவு செய்தார். ஏறக்குறைய 40 நிமிடம், பல ஸாக்ஸபோன்களும் ட்ரம்பெட்களும் ஒரே சமயத்தில். அப்புறம் ஸாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ் குழுவுக்குள் வந்தார், இரண்டாவது டிரம்ஸாக ரஷீத் அலி வந்தார். தன் பியானோ தனக்கே கேட்கவில்லை என்று டைனர் விலகினார். எல்வினும் போனார். உலகின் மிகச் சிறந்த குழுவைத் தானே கலையவிட்டார் கோல்ட்ரேன். அந்த இடத்தில் தங்கியிருந்தால் ஆயுள் முழுக்க அரங்குகள் நிறைந்திருக்கும்.

இந்தக் காலத்து இசையை மெட்டு தேடிக் கேட்டால் ஏமாற்றம்தான். ‘இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்’ என்ற பதிவிலிருந்து ஆரம்பியுங்கள். 1967 பிப்ரவரியில் பதிவாகி, அவர் இறந்து ஏழாண்டுக்குப் பின் வெளிவந்தது. ஸாக்ஸபோனும் ரஷீத் அலியின் டிரம்ஸும் மட்டும் இருப்பதால் காது குழம்பாது. சிறு ஸ்வரக் கோவை ஒன்றை எடுத்து, மேலும் கீழும் எப்படியெல்லாம் திருப்ப முடியுமோ அப்படியெல்லாம் திருப்புகிறார் என்பது தெளிவாகத் தெரியும். அது பழகிய பிறகு ‘அசென்ஷன்’ பக்கம் போகலாம். போகாமல் விட்டாலும் குற்றமில்லை.

எப்படி இறந்தார்?

கல்லீரல் புற்றுநோய். தன் வலியை அவர் வெளியில் பெரிதாகக் காட்டிக்கொள்ளாததால் இசை உலகத்துக்கே அந்தச் செய்தி அதிர்ச்சி. இறப்பதற்கு மூன்று மாதத்துக்கு முன்பு, ஏப்ரலில், ஹார்லெமில் நைஜீரியக் கலைஞர் ஒலாதுஞ்சியின் பண்பாட்டு மையத்தில் வாசித்தார். அந்தப் பதிவு கிடைக்கிறது. உடல் நலிந்தவரின் வாசிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. மன்ஹாட்டனில் நடந்த இறுதிச் சடங்கில் சக ஸாக்ஸபோன் கலைஞர்களான ஆல்பர்ட் ஐலரும் ஆர்னெட் கோல்மனும் வாசித்தார்கள்.

அலிஸ் கோல்ட்ரேனுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன தொடர்பு?

அலிஸ் 1937-ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர், தேர்ந்த பியானோ கலைஞர். 1963-ல் ஜானைச் சந்தித்தார். டைனர் விலகியபின் குழுவின் பியானோ அவருடையது. ஜான் ஆசைப்பட்டு வரவழைத்த ஹார்ப், அவர் இறந்த பிறகே வீட்டுக்கு வந்துசேர்ந்தது. நான்கு சிறு குழந்தைகளோடு தனித்து நின்ற அலிஸ் அந்த ஹார்ப்பைக் கற்றுத் தனக்கென்று ஓர் இசையை உருவாக்கிக்கொண்டார்.

அந்தத் துயரக் காலத்தில் அவருக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்த தமிழர், ரிஷிகேஷ் சிவானந்தரின் சீடர், இலங்கையில் பல ஆண்டுகள் இருந்தவர், 1969-ல் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். 1971-ல் வந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ அவர் பெயரில் அலிஸ் செய்தது. தம்புராவின் மேல் ஹார்ப், கூடவே ஃபாரோ சாண்டர்ஸின் சொப்ரானோ. அடுத்த ஆண்டு ‘வேர்ல்ட் கேலக்ஸி’யில் ‘எ லவ் சுப்ரீம்’ பாட்டை அலிஸ் எடுத்துக்கொண்டபோது அதில் சச்சிதானந்தாவின் குரலும் பதிவானது.

பிறகு அலிஸ் துரியசங்கீதானந்தா என்ற பெயரில் துறவியாகி, கலிபோர்னியாவில் ஆசிரமம் நடத்தினார். தேவாலயப் பாட்டும் சமஸ்கிருத பஜனையும் சிந்தசைசரும் கலந்த அவருடைய பஜனைப் பதிவுகள் வேறு எதைப் போலவும் இருக்காது. 2007-ல் காலமானார். அவரை ‘கோல்ட்ரேன் மனைவி’ என்று மட்டும் எழுதிய காலம் நல்லவேளையாகப் போய்விட்டது.

ஜான் கோல்ட்ரேன் பெயரில் தேவாலயம் இருக்கிறதாமே?

இருக்கிறது, சான்பிரான்சிஸ்கோவில். 1965-ல் கோல்ட்ரேன் கச்சேரியைக் கேட்ட ஃபிரான்ஸோ கிங், மெரினா கிங் தம்பதி தொடங்கியது. ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபை எண்பதுகளில் கோல்ட்ரேனைப் புனிதராக ஏற்றது. ஞாயிறு வழிபாட்டில் ‘எ லவ் சுப்ரீம்’ வாசிக்கிறார்கள்.

1966-ல் ஜப்பான் சென்றபோது, இன்னும் பத்து ஆண்டில் என்னவாக விரும்புகிறீர்கள் என்று நிருபர்கள் கேட்டார்கள். புனிதராக விரும்புகிறேன் என்று சொல்லிச் சிரித்தார். அதே பயணத்தில்தான் நாகசாகி போய், அணுகுண்டில் இறந்தவர்களின் நினைவிடத்தில் வணங்கி நின்றார்.

ஜாஸுக்கு வெளியே யாரைப் பாதித்தார்?

‘தி பர்ட்ஸ்’ ராக் குழுவின் ‘எய்ட் மைல்ஸ் ஹை’ கிட்டார், கோல்ட்ரேனின் ‘இந்தியா’வைக் கேட்டுப் பிறந்தது. இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக், ஒரே கார்டில் நீண்ட நேரம் நிற்கலாம் என்பதைக் கோல்ட்ரேனிடம் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். கார்லோஸ் சந்தானாவும் ஜான் மெக்லாஃப்லினும் 1973-ல் சேர்ந்து செய்த இசைத்தட்டு ‘எ லவ் சுப்ரீம்’ பாட்டோடுதான் தொடங்குகிறது. அந்த மெக்லாஃப்லின்தான் சில ஆண்டுகளில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவை அமைத்தார். நம் கடம் உலக மேடைகளில் ஒலித்ததற்குப் பின்னால் கோல்ட்ரேனைக் கேட்டு மாறிப்போன ஒரு கிட்டார் கலைஞர் இருக்கிறார்.

2007-ல் புலிட்சர் குழு கோல்ட்ரேனுக்குச் சிறப்பு விருது தந்தது. பிலடெல்பியா வீடு தேசிய வரலாற்றுச் சின்னம்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் ‘பாலட்ஸ்’, இரவில். அடுத்து ‘மை ஃபேவரிட் திங்ஸ்’. பிறகு ‘ப்ளூ ட்ரெயின்’. இந்த மூன்றும் காதுக்குப் பழகியதும் ‘எ லவ் சுப்ரீம்’. முழு 33 நிமிடத்தையும் ஒரே அமர்வில், கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு. கர்நாடக இசை கேட்பவர்கள் நேராக ‘இந்தியா’வுக்கே போகலாம். ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ முதலில் வேண்டாம், அதன் வேகம் பயமுறுத்திவிடும்.

இன்னும் புதிய பதிவுகள் வருகின்றனவா?

வந்துகொண்டே இருக்கின்றன. 1957-ல் கார்னகி ஹாலில் மங்கோடு வாசித்த நாடா 2005-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைத்தது. 1963 மார்ச்சில் நால்வர் குழு பதிவு செய்த ஒரு முழு இசைத்தட்டு, நைமா குடும்பத்தாரிடம் இருந்த நாடாவிலிருந்து 2018-ல் வெளிவந்தது. மேடையில் மிக அரிதாகவே வாசிக்கப்பட்ட ‘எ லவ் சுப்ரீம்’, 1965 அக்டோபரில் சியாட்டிலில் பதிவானது, 2021-ல் வந்தது.

2023-ல் வந்தது 1961 கோடையின் வில்லேஜ் கேட் கச்சேரி. அரங்கின் ஒலி அமைப்பைச் சோதிப்பதற்காக ஓர் ஒலிப்பொறியாளர் ஒரே மைக்கில் பதிந்த நாடா, நியூயார்க் பொது நூலகத்தில் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. டிரம்ஸ் தூக்கலாக, பாஸ் மங்கலாக இருக்கும். ஆனால் டால்ஃபியும் கோல்ட்ரேனும் பக்கத்தில் நிற்கிறார்கள். ‘ஆப்பிரிக்கா’ பாட்டை அவர் மேடையில் வாசித்து நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே பதிவும் அதில்தான் உள்ளது.